பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்காதே

விதிப்புத்தகத்தைப் பன்னிரண்டாம் பக்கத்தோடு மூடிவைத்த என் ஊர் மொரப்பூர்த் தம்பிக்கும் தங்கைக்கும்தான் இதை எழுதுகிறேன்.

வரலாற்றுப் போர் ஆட்டம் ஒன்றை ஆசையாய்த் திறந்திருப்பாய். மேசை நிறைய வரைபடம். தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அட்டைக் காய்கள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு மூன்று எண்கள். அல்லது கணினியில் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ மாதிரி ஒன்றைத் திறந்திருப்பாய். எந்தப் பொத்தானை அழுத்தினால் படை நகரும், எதை அழுத்தினால் கஜானா காலியாகும் என்றே விளங்கியிருக்காது. ஒரு மணி நேரம் முட்டி மோதிவிட்டு, "இதெல்லாம் டவுனில் படித்தவனுக்கு, மொரப்பூர்ப் பிள்ளைக்கு எங்கே வரும்" என்று எழுந்து போயிருப்பாய்.

அந்த ஒரு வாக்கியத்தை உன் வாயிலிருந்து பிடுங்கி எறிய வந்திருக்கிறேன்.

உனக்கு மட்டுமா தலை சுற்றியது? 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, தான் செம்மைப்படுத்திய ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் ஆட்டத்தைப் படைத் தலைமையகத்தின் தலைவர் மியூஃப்லிங் முன்னால் ஆடிக் காட்டினார். பெரியவர் அசந்துபோய், படை முழுவதற்கும் அதைப் பரிந்துரைத்தார். போகப் போக விதிகளும் அட்டவணைகளும் பாரமாகி, நிஜப் போரைக் கண்ட அதிகாரிகளே அலுத்துக்கொண்டார்கள். 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளை ஓரம் கட்டிவிட்டு அனுபவசாலி ஒருவரை நடுவராக உட்காரவைத்தாலே போதும் என்று எழுதினார். பீரங்கிக்கு அஞ்சாதவர்களே விதிப்புத்தகத்தின் முன் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். நீ தடுமாறியதில் என்ன கேவலம்?

நான் முதல் போரைக் கற்றது மொரப்பூரில், ஒரு வீட்டுத் திண்ணையில். ஆடுபுலி ஆட்டம். சாக்பீஸில் கோடு போட்டு, மூன்று கூழாங்கல் புலிகள், பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள். எதிரே உட்கார்ந்த தாத்தா எனக்கு ஒரு விதியும் சொல்லித்தரவில்லை. "வை" என்றார், வைத்தேன். வெட்டினார். மறுபடி வைத்தேன், மறுபடி வெட்டினார். ஒன்பது நாள் தோற்றேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம், கையில் இருந்த புளியங்கொட்டைகளை உருட்டிக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஆட்டுக்குப் பின்னால காலி எடம் உடாதடா."

அவ்வளவுதான். புலி ஆட்டைத் தாண்டித்தான் வெட்ட முடியும், தாண்டி விழ இடம் இல்லையென்றால் புலி வெறும் கல். பத்தாம் நாள் மூன்று புலிகளையும் மூலையில் கட்டிப்போட்டேன். இரு தரப்புக்கும் வேறு வேறு படை, வேறு வேறு இலக்கு, பலவீனன் சேர்ந்து நின்றால் பலவானை மடக்கலாம்: பெரிய போர் ஆட்டங்கள் பக்கம் பக்கமாய்ச் சொல்வதன் வேர் அந்தத் திண்ணையில் இருக்கிறது. உனக்குள்ளும் இருக்கிறது. நீ பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை!

ஆகவே விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்யும் வேலையை இன்றோடு விடு. பரீட்சைக்குப் படிக்கிற பழக்கம் இங்கே உன்னைக் கொல்லும். காய்களைப் பரப்பு. நகர்த்துவது எப்படி, மோதுவது எப்படி என்ற இரண்டு பகுதிகளை மட்டும் படி. உடனே ஆடு. மழை, பனி, விமானம், கப்பல் எல்லாம் அப்புறம். தப்பாக ஆடு, பரவாயில்லை. தப்பு எங்கே என்று தேடிப் போகும்போது படிக்கிற விதி மறக்காது.

ஆட்டத்தையும் சிறியதாகத் தேர்ந்தெடு. 1979-இல் வந்த ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ என்ற ஆட்டத்தை முழுதாக ஆடி முடிக்க ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது இமயமலை, அங்கே போய் நிற்காதே. ஃபிராங்க் சாட்விக் 1986-இல் புதியவர்களுக்கென்றே உருவாக்கிய ‘பேட்டில் ஃபார் மாஸ்கோ’வை எடு. விதிகள் சில பக்கங்கள். மொத்தம் ஏழே சுற்றுகள். 1941-இல் ஜெர்மன் படை மாஸ்கோவை நோக்கி வருகிறது, ரஷ்யா தாக்குப்பிடிக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தில் ரஷ்யர் பக்கத்துக்கு ரயில் நகர்வு என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. தண்டவாளம் இருக்கிற வழியில் படையைச் சட்டென்று தூரத்துக்குக் கொண்டுபோகலாம். அதை உணர மொரப்பூர்க்காரனுக்கு வகுப்பு வேண்டுமா? 1906-இல் நம் ஊரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். மாஸ்கோ வாசலில் போர் நடந்த அதே 1941-இல் அந்தப் பாதையை மூடினார்கள். உலகப் போர்க் காலம், தண்டவாளமே போய்விட்டது. பிறகு நாம் எத்தனை பத்தாண்டுகள் மனு கொடுத்துக்கொண்டு நின்றோம்! ஒரு பாதை இருந்தால் என்ன, போனால் என்ன என்பது நம் வீட்டுக் கதை. வரைபடத்தில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்கும்போது உன் ரத்தம் பேச வேண்டும்.

கணக்குக்குப் பயப்படுகிறாயா? பல ஆட்டங்களில் மோதல் என்பது ஒரு வகுத்தல் கணக்குதான். உன் காய்களின் வலிமை 9, எதிரி 4 என்று வை. இரண்டுக்கு ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் உனக்கு வீண். பக்கத்துக் கட்டத்தில் 3 வலிமையோடு ஒரு நோஞ்சான் காய் சும்மா நிற்கிறது. அதையும் சேர்த்துவிடு. 12-க்கு 4, மூன்றுக்கு ஒன்று! பகடை உருளும் முன்பே உன் நிலை ஏறிவிட்டது. சந்தையில் பேரம் பேசத் தெரிந்த உன் அம்மாவுக்கு இந்தக் கணக்கு அரை நிமிஷம். அவர் வயிற்றில் பிறந்த உனக்கு வராதா?

இன்னொன்றை நெஞ்சில் எழுதிக்கொள்: சோறு. புதிதாய் ஆடுகிறவன் படையை மட்டும் பார்ப்பான், படைக்குப் பின்னால் வரும் மூட்டையைப் பார்க்க மாட்டான். 1767-ஐப் பார். மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கைகோத்து இறங்கினார்கள். ஹைதர் காவேரிப்பட்டணம் கோட்டையைப் பிடித்தார். கம்பெனித் தளபதி ஜோசப் ஸ்மித் சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாகத் திருவண்ணாமலை நோக்கி நகர்ந்தார். செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் மோதல். தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை ஸ்மித் தள்ளிவிட்டார். ஆனால் அவருடைய அரிசி மைசூர்க் குதிரைவீரர்களிடம் போய்விட்டது. களத்தில் வென்றவர் பசியோடு நடந்தார். ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகும்போது நீ தூங்கிக்கொண்டே கடக்கிற இடம்தான் அது. அடுத்த முறை ஜன்னலோரம் உட்கார். மலை எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று பார்.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதே. பல பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் விதிப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. இந்த ஆட்டங்களைக் கணினியில் ஆட உதவும் ‘வாசல்’ என்ற மென்பொருளுக்குக் காசில்லை. ‘ரேலி தி ட்ரூப்ஸ்’ தளத்தில் உலாவி ஒன்று இருந்தாலே ஆடலாம். ஆங்கிலம் தடுக்கிறதா? ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அகராதியை வைத்துக்கொண்டு, பென்சிலால் ஓரத்தில் தமிழில் எழுது. உன் கையெழுத்தில் ஒரு விதிப்புத்தகம் பிறக்கும்.

தோற்பாய். பத்து ஆட்டம் தோற்பாய். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதி வை: எந்தச் சுற்றில், எந்தக் கட்டத்தில், ஏன். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று, உனக்கு இருபது ஆனால் ஆகட்டும்.

இன்னும் ஒரு ஆசை எனக்கு. 2022-இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இல் ராஜேந்திர சோழன் வந்துவிட்டான், உருமி சுழற்றும் வீரர்களோடு. செய்தவர்கள் வெளிநாட்டார். செங்கம் மோதலுக்கு யார் ஆட்டம் செய்வது? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டம் போட்ட நோட்டை வாங்கு. காவேரிப்பட்டணத்தைக் குறி. திருவண்ணாமலையைக் குறி. ஹைதரின் குதிரைகளுக்கு எத்தனை கட்டம் ஓட்டம், ஸ்மித்தின் அரிசி வண்டிகளுக்கு எத்தனை என்று எழுது. எதிரே தங்கச்சியை உட்காரவை. பகடை இல்லாவிட்டால் தாயக்கட்டை போதும். சிங்காரப்பேட்டையை எந்தக் கட்டத்தில் வைக்கப்போகிறாய்?