அக்கரைக்கு அனுப்பிய துன்பம்

கிரேக்க நாட்டின் மிக்கோனோஸ் தீவில் நான் இறங்கியதும், "இங்கே இரவில் யாரும் தூங்குவதில்லை" என்று பெருமையோடு சொன்னார் விடுதிக்காரர். உண்மைதான். கடற்கரையெங்கும் விடிய விடிய ஆட்டமும் பாட்டும். முதுமைக்கும் நோய்க்கும் இந்த ஊர் வழி தெரியாதோ என்று தோன்றியது.

மறுநாள் படகேறி, அருகிலுள்ள டீலோஸ் தீவுக்குப் போனேன். அப்போலோ பிறந்த புண்ணிய பூமி அது. கி.மு. 426-இல் ஏதென்ஸ் நகரத்தார் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியையும் சாகக் கிடப்பவனையும் பக்கத்து ரெனியா தீவுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். சாவை அப்படி விரட்ட முடிந்ததா? இன்று டீலோஸில் மிஞ்சியிருப்பவை இடிந்த தூண்கள்தாம்.

திரும்பி வந்தபோது, விடுதி வாசலில் கிழவி ஒருத்தி முந்தைய இரவின் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. காலையில் அவளைக் கடந்துதான் போனேன், நானும் பார்க்கவில்லை.

இன்பத்தை நான் பழிக்கவில்லை. அந்த இசையில் நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால், துன்பத்தை அக்கரைக்கு அனுப்பிவிட்டு நாம் அனுபவிக்கும் இன்பமெல்லாம், போன படகு திரும்பி வரும்வரைதானே?