முள்ளைப் பார்க்காதவன்

தெரியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு என்பது நம்மில் பலரும் வசதியாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கொள்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், 1984-ம் ஆண்டில் ஒரு நாள் காலை என் புல்லட் மோட்டார் சைக்கிள் என் கணுக்காலைத் திருப்பி உதைக்கும் வரையில்.

வண்டி திருவொற்றியூரில் பிறந்தது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்பீல்ட் இந்தியா கம்பெனியின் 350 சி.சி. வண்டி, ஒற்றைச் சிலிண்டர். அதைக் கிளப்புவதற்குப் பொத்தான் கிடையாது, கால்தான். பொத்தானை அழுத்தியே பழகிவிட்ட இந்நாளைய பிள்ளைகளுக்கு இதைச் சற்று விளக்கத்தான் வேண்டும்.

பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்கு மயிரிழை முன்னதாகவே பொறி விழுந்துவிடும். அந்தப் பொறியின் வேளையைத் தீர்மானிப்பவை இரண்டு சின்னஞ்சிறு உலோகப் பொட்டுகள். மெக்கானிக்குகள் ‘பாயிண்ட்’ என்பார்கள். அவை சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடுகிறது. பிரிந்த கணத்தில் பிளக்கில் பொறி பறக்கிறது. முழுதும் திறந்தாலும் நடுவில் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இடைவெளிதான். பிரிவில் நெருப்புப் பிறக்கிறது என்பது கதை எழுதுகிறவனுக்கு மிகவும் பிடித்தமான செய்தி. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

சாவியைத் திருகிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்பியர் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் பிரிந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது அழுத்தி, பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும் லீவரை விட்டு, கிக்கரையும் மேலே வரவிட வேண்டும். பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் மிதிக்க வேண்டும். இரண்டு முழுச் சுற்றுக்கு ஒரு பொறி. அடுத்த பொறி விழுவதற்குள் உள்ளே இருக்கும் கனத்த சக்கரம் வேகம் பிடித்துவிடும். பிஸ்டன் எங்கே நிற்கிறதென்று பாராமல் அரைமனதாக மிதித்தாலோ, ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனைத் தீயே கீழே தள்ளும். கிக்கர் மிதித்தவன் காலையே பதம் பார்க்கும்.

அதுதான் நடந்தது. முந்தின நாள்தான் பட்டறைப் பையன் ஒருவன் பாயிண்ட் வைத்துக் கொடுத்திருந்தான், பதினாறு வயதிருக்கும். நொண்டிக்கொண்டே போய், நாலு வாடிக்கைக்காரர்கள் எதிரில் அவனைக் கன்னாபின்னாவென்று ஏசினேன். டைமிங்கை முன்னால் தள்ளி வைத்துவிட்டான் என்பது என் குற்றச்சாட்டு. அப்படி வைத்தாலும் வண்டி உதைக்கும். அந்த அளவுக்கு எனக்கு அரைகுறை ஞானம் இருந்தது. பையன் வாய் திறக்கவில்லை.

பட்டறைக்காரர் ஆளனுப்பி வண்டியைத் தள்ளிவரச் செய்து அளந்து பார்த்தார். இடைவெளி சரி. டைமிங்கும் சரி. “முள்ளைப் பாத்தீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

முள் என் கண்ணுக்கு நேரே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகு என்னை அதிகமாக வாட்டியது வேறொரு கேள்வி. பையன் உண்மையிலேயே தவறு செய்திருந்தால்? ஊரார் என் கோபத்தை நியாயம் என்றிருப்பார்கள். நானும் தலைநிமிர்ந்து வீடு திரும்பியிருப்பேன். ஆனால் ஏசிய நேரத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டிலும் ஒன்றேதான்; அதாவது, ஒன்றுமில்லை. அளந்து பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னவன் நான். தீர்ப்பு தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தால் அது என் அதிர்ஷ்டமாகும், நேர்மையாகுமா?

மன்னிப்புக் கேட்க எட்டு நாள் பிடித்தது. கால் வீக்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வீக்கம் நாலாம் நாளே வடிந்துவிட்டிருந்தது. நான் தடுமாறிச் சொன்னதையெல்லாம் பையன் கந்தலில் கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றான்.

“பரவாயில்லீங்க சார். இப்ப முள்ளைப் பாத்துட்டுத்தானே மிதிக்கிறீங்க?” என்றான்.

“ஆமாம்ப்பா” என்றேன். அன்று காலை அங்கே வருவதற்காக வண்டியைக் கிளப்பியபோதும் நான் முள்ளைப் பார்த்திருக்கவில்லை.