மாற்றுணவு நோன்பாகுமா?

இல்லறத்தில் இருந்துகொண்டே அறம் காக்க விழைவோர் உணவைப் பற்றிச் சிந்தியாமல் இருத்தல் இயலாது. எதை உண்பது, எதை விடுவது, எவ்வளவு உண்பது, எப்போது உண்பது என்னும் நான்கு வினாக்களும் நம் சமயத்தில் சமையலறையோடு முடிந்துவிடுவன அல்ல. வினைக்கட்டு வரை செல்வன. ஆதலால், புதிதாக ஓர் உணவுப்பொருள் வழக்கிற்கு வரும்போது, அது உடலுக்கு நன்றா தீதா என்று மட்டும் கேட்டு நிற்றல் நமக்குப் போதாது. அது நம் மனத்தை என்ன செய்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அத்தகைய பொருள்களுள் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் காலை உணவில் ரொட்டியின்மேல் தடவி உண்ணப்பெறுவது நிலக்கடலை வெண்ணெய். பீநட் பட்டர் என்று கடைகளில் வழங்குவதும் இதுவே. பெயரில் வெண்ணெய் இருப்பினும் இதில் பால் இல்லை. வறுத்த கடலையை மைய அரைத்த விழுதே இது. இவ்விழுதில் எண்ணெய் மிகுதி என்று அஞ்சுவோர்க்காக அந்நாட்டார் மற்றொன்றையும் செய்து விற்கின்றனர். வறுத்த கடலையை அழுத்தி, அதன் எண்ணெயில் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்துவிட்டு, எஞ்சியதைத் தூளாக்கி டப்பாவில் அடைக்கின்றனர். உண்பவர் அத்தூளில் நீர் விட்டுக் குழைத்தால் பழைய விழுது போன்ற ஒன்று கிடைக்கும். சுவை ஏறத்தாழ அதுவே. கலோரி மட்டும் குறைவு. உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் இதனை விரும்பி வாங்குகின்றனர். அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் இதனை அறிவர்.

நிலக்கடலை நமக்கு அயலானதன்று. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிரே எனினும், வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம்மவர் பலரின் நிலங்களில் விளைவது அது. மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் நாம் அழைப்பது அதனையே. மண்ணுக்குள் விளைவதால் அதனைக் கிழங்கோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. ஆயினும் அச்செடி நிலத்திற்கு மேலே பூக்கிறது. பூவின் அடியிலிருந்து விழுதுபோன்ற காம்பு மண்ணுள் இறங்கி, ஆங்கே காய்க்கிறது. ஆகவே அது கிழங்கன்று, காயே. எண்ணெய் பிழிந்தபின் செக்கில் எஞ்சும் பிண்ணாக்கையும் நாம் அறிவோம். அத்தூளும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. மனிதர் உண்பதற்கென்று தூய்மையாகச் செய்யப்பட்டது என்பதே வேறுபாடு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரியே தரும். ஆகவே எண்ணெயை நீக்கினால் கலோரி குறைவது இயல்பு. இரண்டு கரண்டி நிலக்கடலை வெண்ணெயில் ஏறத்தாழ 190 கலோரி உண்டு. கொழுப்பு 16 கிராம். இரண்டு கரண்டித் தூளில் ஏறத்தாழ 60 கலோரி; கொழுப்பு ஒன்றரைக் கிராம். மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு என்று இதனைக் கேட்போர் வியப்பர்.

வியப்பதற்கு முன் எடையையும் நோக்க வேண்டும். இரண்டு கரண்டி விழுதின் எடை 32 கிராம். இரண்டு கரண்டித் தூளின் எடையோ ஏறத்தாழ 13 கிராம்தான். தூளையும் 32 கிராம் எடுத்துக்கொண்டால் அதில் சற்றேறக்குறைய 148 கலோரி இருக்கும். அஃதாவது, ஒத்த எடைக்கு ஒத்த எடை பார்த்தால் எண்ணெய் நீங்கியதால் வரும் குறைவு ஐந்தில் ஒரு பங்கைச் சிறிதே மிஞ்சும். எஞ்சிய குறைவெல்லாம் கரண்டியில் கடலை குறைந்ததால் வந்தது. அதே 60 கலோரி வேண்டுவோர், பழைய விழுதையே ஒரு கரண்டியில் மூன்றில் இரண்டு பங்கு அளவு எடுத்து உண்டாலும் போதும். அந்த டப்பா நமக்கு விற்பதில் பெரும்பகுதி குறைத்து உண்ணுதல் என்னும் ஒன்றே. அதனை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று நம் ஆன்றோர் எப்போதோ சொல்லிவிட்டனர்.

புறத்தவங்கள் ஆறு என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளதை நாம் அறிவோம். முதலாவது அனசனம், உண்ணாதிருத்தல். இரண்டாவது அவமோதரியம், வயிறு நிறையும் முன்பே நிறுத்துதல். ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறையுணவு என்று கொண்டு, அதனின் ஒரு கவளம் குறைத்து உண்பதும் தவமே என்றனர். ஈண்டு அளவுகோல் கவளம், அளப்பவர் உண்பவரே. கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்காமல் நிறுத்தும் அந்த ஒரு நொடியில் நாவும் மனமும் எதிரெதிரே நிற்கின்றன. மனம் வென்றால் அது தவம். டப்பாவில் முன்னரே குறைத்துத் தரப்பட்டதை வயிறு நிறைய உண்பதில் அந்த நொடி இல்லை. கலோரி குறைந்தது மெய்; ஆனால் அங்கே எவரும் எதனையும் வெல்லவில்லை.

நான்காவது தவம் இரச பரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்னும் ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ விடுதல் இது. கடலைத் தூளை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். எண்ணெய் என்னும் சுவைப்பொருள் அதில் பெரும்பாலும் நீங்கியுள்ளது, முற்றும் நீங்கவில்லை. 13 கிராமில் ஒன்றரைக் கிராம் எஞ்சி நிற்கிறது. எண்ணெயோடு போன சுவையை ஈடுசெய்யப் பலவகைத் தூள்களில் சர்க்கரையும் உப்பும் சேர்க்கின்றனர். ஒரு சுவையை வெளியே அனுப்பி இரண்டு சுவைகளை உள்ளே அழைத்தாற்போல் ஆயிற்று. நாவைப் பட்டினி போடாமல் உடலை மட்டும் பட்டினி போட முயலும் எந்த மாற்றும் இவ்வழியில்தான் செல்லும்.

இதனால் அத்தூளை இகழ்ந்தோம் என்று எவரும் கொள்ளற்க. உடல் பருத்து மூட்டு நோகும் ஒருவருக்கு மருத்துவர் கலோரியைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். இறைச்சியும் முட்டையும் தொடாத நம் குடும்பங்களில் புரதம் மிகுதியும், கொழுப்பு குறைவுமாக ஓர் உணவு வேண்டுவோர் இருப்பர். அறுபது கலோரிக்கு ஆறு கிராம் அளவு புரதம் தரும் இத்தூள் அவர்களுக்கு மெய்யாகவே பயன்படும். கடலையின் எண்ணெயோடு வைட்டமின் ஈ போன்றனவும் போய்விடுகின்றன என்பதை அறிந்து, சர்க்கரை சேராத வகையைத் தேர்ந்து கொள்வாராயின் அதில் குற்றம் ஒன்றுமில்லை. உடல் அறத்திற்குக் கருவி. கருவியைப் பேணுதல் கடமை. மருந்தை மருந்தென்று உண்பவர் எதனையும் மறைப்பதில்லை. வினா எழுவது, மருந்தை நோன்பென்று பெயரிட்டு அழைக்கும் இடத்தில்தான்.

ஒருவர் இவ்வாறு வினவலாம்: இல்லறத்தார்க்கு முழுத் துறவு விதிக்கப்படவில்லையே, அணுவிரதமும் ஒரு பகுதித் துறவுதானே, அப்படியாயின் முழுச்சுவையை விட்டு அரைச்சுவைக்கு இறங்குவதும் அணுவிரதம் போன்ற ஒரு படி ஆகாதா? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. படிப்படியாக ஏறுவதே சிராவகர் நெறி. பெரிய ஆசையிலிருந்து சிறிய ஆசைக்கு வருவதும் முன்னேற்றமே.

எனினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அணுவிரதம் ஓர் எல்லையை வெளிப்படையாக வகுக்கிறது. இவ்வளவு கொள்வேன், இதற்கு மேல் கொள்ளேன் என்று விரதம் ஏற்பவர் அறிந்தே சொல்கிறார். மாற்றுணவோ அந்த எல்லையை மறைக்கிறது. எதனையும் இழக்கவில்லை என்று அது நாவுக்கு உறுதி கூறுகிறது. எதனையும் இழக்காதவர் எதனை விட்டார் என்று சொல்வது?

சமந்தபத்திர சுவாமிகள் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நூல்கள். போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தை விளக்குகையில், காலவரையறையோடு விடுவதை நியமம் என்றும், வாழ்நாள் முழுதும் விடுவதை யமம் என்றும் சுவாமிகள் பிரிக்கிறார். பின்னர் அவ்விரதத்திற்கு மாசாகும் ஐந்தினைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று அனுஸ்மிருதி. நுகர்ந்த இன்பத்தையே மீண்டும் மீண்டும் நினைத்தல். பொருளைத் தொடாமலே விரதம் மாசுபடலாம் என்பது எத்துணை நுட்பமான கருத்து! கை விட்டபின்னும் நினைவு விடவில்லை என்றால் விரதம் முழுமை பெறவில்லை. ஒரு சுவையை விட்டுவிட்டதாகச் சொல்லி, அதே சுவையின் நிழலை நாள்தோறும் நீரில் குழைத்து உண்பது, அந்நினைவுக்கு நாமே உணவிட்டு வளர்ப்பதாகும்.

தச லக்ஷண பர்வத்தின் பத்து நாள்களில் எண்ணெயை விடுவதாக ஒருவர் நியமம் ஏற்றுள்ளார் என்று கொள்வோம். அவர் இத்தூளை உண்ணலாமா? எண்ணெய் விடுதல் என்பது பொதுவாகப் பிழிந்தெடுத்த எண்ணெயையே குறிக்கும். எண்ணெய் வித்துகளைக் குறிப்பதில்லை. ஆகவே சொல்லளவில் நியமம் நிற்கும். சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து விட்டவராயின், அவை கலந்த தூளால் சொல்லளவிலும் நில்லாது. ஆனால் இவ்வாறு சொல்லை நிறுத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்ததே நமக்கு ஓர் எச்சரிக்கை. விரதம் ஏற்றவர் வழிகளைத் தேடத் தொடங்கினால், உடல் விரதத்தில் இருக்க மனம் வெளியே உலவுகிறது என்பதே பொருள். பத்து நாளைக்கு ஒரு சுவை இல்லாமல் இருந்து பார்ப்பதே அந்நியமத்தின் நோக்கம். அவ்வெறுமையை மற்றொன்றால் நிரப்பிவிட்டால், அது நமக்குக் கற்பிக்க வந்த பாடத்தை யார் கற்பது?

இங்கே வரலாற்றையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். மாற்றுணவுகள் எல்லாம் ஒரே நோக்கத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் நகரில் மருத்துவ இல்லம் நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் என்பவர் புலால் மறுத்தலை வலியுறுத்தியவர். கொட்டைகளை வேகவைத்து அரைத்து விழுதாக்கும் முறைக்கு அவர் 1895-இல் காப்புரிமை கோரினார். புலாலின் இடத்தில் நிற்கத்தக்க உணவாக அத்தகைய விழுதை அவர் போற்றினார். அடுத்து, 1950-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கும், கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் சேர்த்துப் பல்நோக்கு உணவு ஒன்றை உருவாக்கியது. புரதம் குன்றிய ஏழை மக்களின் உணவை வளப்படுத்துவதே அதன் நோக்கம்.

ஆக, எண்ணெய் நீக்கிய கடலை மாவு என்னும் அதே பொருள், முன்பு உணவு போதாதவர்க்காகச் செய்யப்பட்டது. இன்று உணவு மிகுந்தவர்க்காகச் செய்யப்படுகிறது. கெல்லாக்கின் மாற்று பிற உயிரின் துன்பத்தைக் குறைத்தது. மைசூரின் மாற்று பிற மனிதரின் பசியைக் குறைத்தது. இன்றைய மாற்று உண்பவரின் எடையை மட்டும் குறைக்கிறது. மூன்றும் பயனுடையவையே. ஆனால் முதல் இரண்டிலும் பிறர் இருக்கின்றனர். மூன்றாவதில் நாம் மட்டுமே இருக்கிறோம். ஒரு மாற்றுணவின் அறத்தன்மையை அறிய இதைக் காட்டிலும் தெளிவான அளவுகோல் நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே நம் இல்லங்களில் இத்தகைய மாற்றுப்பொருள் ஒன்று நுழையும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். முதலாவது: இதனை மருந்தாகக் கொள்கிறோமா, நோன்பாகக் கொள்கிறோமா? மருந்தாயின் கொள்க, நோன்பென்று பெயரிட வேண்டா. இரண்டாவது: குறைந்த கலோரியைக் காரணம் காட்டி மற்றொரு கரண்டி எடுக்கிறோமா? எடுப்போமாயின் அளவும் குறையவில்லை, ஆசையும் குறையவில்லை. மூன்றாவது: நாம் குறைத்த உணவு எங்கே சென்றது? ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதலில் நிற்பது ஆகார தானம். நாம் உண்ணாமல் விட்ட கவளம் பசித்த ஒருவரின் இலையைச் சேருமாயின், நம் உடலும் இலேசாகும். நம் உயிரும் இலேசாகும்.

இளையோர் இத்தகைய பொருள்களைப் பற்றிக் கேட்கும்போது, வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்தலும், நல்லதுதானே என்று ஒரே சொல்லில் இசைதலும் தகா. மேற்கூறிய கணக்கையும், அக்கணக்கிற்கு அப்பால் உள்ளதையும் அவர்களோடு அமர்ந்து பேசுவோம். எண்ணெயைப் பிழிந்தெடுக்கப் பொறி உண்டு; ஆசையைப் பிழிந்தெடுக்கும் பொறியை எந்நாட்டாரும் செய்து விற்கவில்லை. அதனை அவரவர் தம் இலையின் முன்னே அமர்ந்து, கடைசிக் கவளத்தில் தாமே செய்துகொள்ள வேண்டும்.