முகம் தேய்ந்த ராஜா

கொல்கத்தா பவானிபூரில் குஜராத்திக் குடும்பங்கள் அதிகம். அங்கே வெள்ளிக்கடைப் பெரியவர் ஒருவர் பழைய டப்பாவைத் திறந்து, ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகத்தளவுதான், ஆனால் நல்ல தடிமன். ஒரு பக்கம் நாலைந்து கோடுகள், கொஞ்சம் புள்ளிகள். அது ராஜாவின் முகமாம்!

கதையா காசு என்று பெயர். (கட்டுக்கதையா என்று கேட்காதீர்கள், இந்தியில் கழுதைக்குக் ‘கதா’ என்று பெயர் என்பதால், கழுதையோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு.) அசல் முகம் பாரசீகத்தின் சாசானிய அரசர் பெரோஸுடையது. ஹூணர்களிடம் தோற்று, வெள்ளிக்காசாக மீட்புப் பணம் கொடுத்தவர். 484-இல் அவர்களோடு போரிட்டே மாண்டார். அந்த வெள்ளி ஹூணர்களோடு வடமேற்கு இந்தியாவுக்குள் வந்தது. சந்தையில் அதற்கு மரியாதை இருந்தது. நம் தட்டார்கள் அதையே அச்செடுத்தார்கள்.

பிறகு நகலுக்கு நகல். குஜராத், ராஜஸ்தான், மாளவத்தில் ஏறக்குறைய 12-ஆம் நூற்றாண்டு வரை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். மூக்கு ஒரு கோடாயிற்று, கண் ஒரு புள்ளி. மறுபக்கத்து அக்கினி மேடை ஏணி மாதிரி ஆகிவிட்டது. இருபுறமும் நின்ற காவலர்கள் வெறும் புள்ளி வரிசை. எடை மட்டும் சுமார் 4 கிராமிலேயே நின்றது. வெள்ளியில் செம்பு கூடியது பிற்பாடு.

யாருடைய முகம் என்று வாங்கியவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

பெரியவர் காசைத் திரும்ப வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை, நேரே தராசில் போட்டார்.