பெற்றோர் பிழையைச் சிற்பத்தில் வடிக்கலாமா?

சிற்பம் பயிலும் இளைஞர்க்கு முதலில் கிட்டும் பொருள் தம் குடும்பமே. களிமண்ணைக் கையிலெடுத்தவுடன் தாயின் முகமும் தந்தையின் குரலும் நினைவில் எழுகின்றன. அன்பு நிறைந்த இல்லமாயின் இடரில்லை. அச்சமும் அவமானமும் மிகுந்த இல்லமாயின் அம்மாணாக்கர் செய்யத்தக்கது யாது? பெற்றோர் குற்றத்தை ஊரார் காண உருவமாக்கி வைத்தல் நன்றி கொன்ற செயலன்றோ என்று பெரியோர் வினவுவர். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது.

லூயீஸ் பூர்ஷ்வா என்னும் அம்மையாரின் வாழ்வை இதற்கு எடுத்துக்கொள்வோம். அவர் 1911-ல் பாரிசில் பிறந்தார். பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடுவது அவர்தம் குடும்பத் தொழில். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியை, தந்தையின் ஆசைநாயகியாய் அதே இல்லத்தில் பல்லாண்டு வாழ்ந்தார். தாய் அறிந்தும் வாளாவிருந்தார். உணவு மேசையில் தந்தையின் பேச்சே ஓங்கியிருக்கும். ஆரஞ்சுத் தோலில் உருவமொன்றை வெட்டி, அதனைக் காட்டி அவர் தம்மைப் பலர்முன் எள்ளி நகையாடியதை மகள் முதுமையிலும் மறந்திலர். 1932-ல் தாய் மறைந்தார். கணிதம் பயின்றுகொண்டிருந்த மகள் அதனை விடுத்துக் கலை பயிலச் சென்றார். அவருக்கு உரியது ஓவியமன்று, சிற்பமே என்று மாணவப் பருவத்தில் சுட்டிக்காட்டியவர் பெர்னான் லெஜே என்னும் ஓவியர்.

அம்மேசை சிற்பமாக வெளிவந்தது 1974-ல், நியூயார்க் நகரில். அப்போது அம்மையார் அறுபதைக் கடந்திருந்தார். தந்தை 1951-லேயே இறந்துவிட்டார். ‘தந்தையின் அழிவு’ என்பது சிற்பத்தின் பெயர். குகை போன்ற ஓர் அறை, செவ்வொளி, மேலும் கீழும் கொப்புளம் போன்ற உருண்டைகள், நடுவே, மேசையோ கட்டிலோ என்று தெளியவொண்ணாத பரப்பின்மேல் இறைச்சித் துண்டங்களை ஒத்த உருவங்கள். கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியையும் கோழிக்காலையும் சாந்தில் பதித்து, அவ்வச்சில் இரப்பர்ப்பால் வார்த்து அவற்றைச் செய்தார். நாள்தோறும் தற்பெருமை பேசும் தந்தையைப் பிள்ளைகள் மேசைமேல் இழுத்துப் போட்டுக் கூறுபடுத்தித் தின்றுவிட்டனர். இதுவே அவர் உரைத்த கதை.

இறந்தவர் மறுமொழி கூற இயலாதவர். அவரைத் தாக்குதல் அறமாகுமோ? சற்று உற்று நோக்குவோம். அச்சிற்பத்தில் தந்தைக்கு முகமில்லை. தின்றவர்கள் யாவர்? பிள்ளைகள். தம் உள்ளத்தில் கிடந்த கொடுமையையும் அம்மையார் அதே மேசைமேல் பரப்பிவிட்டார். பழிதூற்றுவோர் பெரும்பாலும் தம்மைத் தூயராக ஒதுக்கிக்கொண்டே தூற்றுவர். இங்கோ, காண்போர் நடுங்குவது தந்தையை எண்ணியா, மகளை எண்ணியா என்று பிரித்துரைத்தல் அரிது. ஆகவே இத்தகைய சிற்பத்தோடு வரும் மாணாக்கரை நோக்கி, ‘இதனைச் செய்யலாமா?’ என்று ஆசான் கேட்பதினும், ‘இதில் நீ எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்பதே தக்கது என்பேன்.

1982-ல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் அம்மையாரின் படைப்புகள் பெருங்கண்காட்சியாக வைக்கப்பெற்றன. அவ்வாண்டே அவர் கலையிதழ் ஒன்றில் அவ்வாசிரியையின் கதையைப் படங்களுடன் வெளியிட்டார். சிற்பம் காத்த நீதியை அவ்வெழுத்து காத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அயல்நாட்டில் ஊதியத்துக்கு வந்த அப்பெண்ணின் பக்கத்தை எடுத்துரைப்பார் அங்கு எவருமில்லை.

அதற்காக மௌனமே மேல் என்று கூறிவிடவும் முடியாது. தாய் காத்த மௌனத்தைப் பொறுமை என்று போற்றுவது உலக வழக்கு. அதற்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள் அல்லரோ? அத்தாயையும் மகள் வடித்தார், 1999-ல். ‘அம்மா’ என்று பெயரிட்ட அவ்வுருவம் ஏறத்தாழ 9 மீட்டர் உயரமுள்ள எஃகுச் சிலந்தி. வயிற்றுப் பையில் சலவைக்கல் முட்டைகள். 2000-ல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அது அங்கு வைக்கப்பட்டது. தாயைச் சிலந்தியாக்கியது இழிவு எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நூலும் ஊசியுமாய் வாழ்ந்து, கிழிந்ததைச் செப்பனிட்ட தாய்க்கு அதனினும் சிறந்த உவமையில்லை என்பது மகளின் எண்ணம். ஆயினும் அந்நெடிய கால்களின்கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு, காவலில் நிற்கிறோமா, சிறையில் நிற்கிறோமா என்பது எளிதில் விளங்குவதில்லை.