பொறுத்துக்கொள்பவர் கடைசியா?

கிள்ளானில் அப்பா நடத்தும் லேத் பட்டறையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். போன செமஸ்டர் விடுமுறையில் கணக்கு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்களிடம் வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பணம் தரும். மாதச் செலவு அதுவரை காத்திருக்குமா? கையில் இருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது? வீட்டில் சின்னதாக ஒரு தொழில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

நான் இன்ஜினியரிங் படிக்கிறவன் ஆச்சே! எக்ஸலில் பட்டியல் போட்டேன். ‘தாமதித்தால் என்ன ஆகும்?’ என்று அதில் ஒரு கட்டம். மின்சாரம் என்றால் வெட்டிவிடுவார்கள். இரும்புக் கடைக்காரர் சரக்கை நிறுத்திவிடுவார். வங்கியிலிருந்து கடிதம் வரும். இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிக்குத் தாமதக் கட்டணம் உண்டு, ஆனால் உடனே யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். ஆகவே அது கடைசி. அப்பா பார்த்துவிட்டு, "இதத்தான் நான் இத்தன வருஷமா மனசுலயே போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம், 18 வருஷமாக எங்கள் லேத்தில் நிற்கும் அண்ணன் மெதுவாக வந்தார். "தம்பி, வீட்டுக் கடனுக்கு பேங்க்ல இபிஎஃப் கணக்கு கேட்டாங்க. ரெண்டு மாசம் காணலையே?"

2,000 வெள்ளி சம்பளம் என்றால் அதில் 11 விழுக்காடு, 220 வெள்ளியை, அவரிடமே பிடிக்கிறோம். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 260 வெள்ளி. இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டணும். அந்த 220 எங்கள் செலவே இல்லை, அவர் பணம். அதை வரிசையில் நிறுத்த எனக்கு என்ன உரிமை?

அப்பாவிடம் கேட்டேன். "அவன் நம்ம ஆளுடா, பொறுத்துக்குவான்." அப்பா கெட்டவர் இல்லை. அந்த அண்ணன் மகள் கல்யாணத்தில் முன்னால் நின்றவர். ஆனாலும் சத்தம் போடுகிறவருக்கு முதலில், நம்புகிறவருக்குக் கடைசியில் என்றால், ‘நம்ம ஆளு’ என்பதற்கு வட்டியில்லாமல் கடன் தருகிறவர் என்றா பொருள்?

பட்டியலை மறுபடி பார்த்தேன். மூன்றாவது வரியில் என் செமஸ்டர் கட்டணம். அதற்கு நேராக ‘தாமதித்தால் என்ன ஆகும்?’ கட்டம் காலி. யோசிக்காமலே மேலே வைத்திருக்கிறேன்.

இப்போது சம்பள நாளன்றே இபிஎஃப் பணம் தனிக் கணக்குக்குப் போகிறது. விட்டுப்போன இரண்டு மாதத்தையும் கட்டிவிட்டோம். "அப்ப இரும்புக் கடைக்காரருக்கு நீயே போய் பதில் சொல்லு" என்றார் அப்பா. போனேன். பத்து நாள் தவணை கொடுத்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கட்டணத்தைத் தவணையில் கட்டப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு வங்கி இன்னும் பதில் சொல்லவில்லை.