தெரு நாயும் மார்க்கத் தீர்ப்பும்

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவுகிறோம். அது நம் சுத்தத்திற்கான சட்டம். நாயின் மீது கல்லெறிய அது அனுமதி தரவில்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு அல்லாஹ் பாவம் பொறுத்த ஹதீஸ் நாமறிந்ததே.

சென்னை மாநகராட்சி 1996இல் தெரு நாய்களைக் கொல்வதை விட்டு, புளூ கிராஸ் ஸ்தாபனத்தாருடன் சேர்ந்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு வந்தது. ஊசியில் நமக்குத் தயக்கமில்லை. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. கருத்தடையில்தான் கேள்வி. உண்ணத்தகாத பிராணிகளுக்கு விதை நீக்குவதை ஷாபிஈ இமாம்கள் தடுத்துள்ளார்கள்; பயனிருந்தால் கூடும் என்பர் ஹனஃபிகள். தடுத்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பிராணி படும் வேதனை. இன்று மயக்க மருந்து உண்டு. கருத்தடை வேண்டாமென்றால், பெருகிய குட்டிகளுக்கு விஷம் வைக்கிறார்களே! இரு தீங்குகளில் இலேசானதை ஏற்கும் ஃபிக்ஹு விதிப்படி நாம் கருத்தடையின் பக்கமே நிற்கிறோம், காயம் ஆறும்வரை வைத்துப் பராமரித்தால்.